1.45 கோடி டாலரை வேண்டாம் என்ற ஓட்டக்காரர்: லேவியான் பெல் விவகாரம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்லில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் நட்சத்திர வீரர் லேவியான் பெல் ஒரு பருவம் முழுவதும் ஆட வரவில்லை. சம்பளத் தகராறு. ரன்னிங் பேக் ஒருவர் ஒப்பந்தத்துக்காக முரண்டு பிடிக்கும்போதெல்லாம் அவர் பெயர் இன்றும் பேச்சில் வருகிறது, பாதிப் பேருக்கு எச்சரிக்கையாகவும் மீதிப் பேருக்கு முன்மாதிரியாகவும். அந்த விவகாரம் பற்றி எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ரன்னிங் பேக் என்பவர் யார்?

பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நூறு கிலோவுக்குக் குறையாத இரண்டு மூன்று பேர் அவர் மேல் விழுவார்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் நாற்பது வயது வரை ஆடலாம், பந்தை உதைப்பவர் அதற்கு மேலும் ஆடலாம். ரன்னிங் பேக்குக்கு இருபத்தெட்டு வயதானாலே அணிகள் முழங்காலைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடும். கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெல் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?

ஆம். 2013 டிராஃப்ட்டில் (அணிகள் முறை வைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) இரண்டாம் சுற்றில், 48ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவர் ஓடும் விதமே தனி. மற்றவர்கள் பந்து கைக்கு வந்ததும் பாய்வார்கள். பெல் நிற்பார். தன் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால், பஸ் கூட்டத்தில் இடம் பார்ப்பவர் போல ஒரு கணம், சில சமயம் இரண்டு கணம் நிற்பார். இடைவெளி திறந்ததும் மறைந்துவிடுவார். 2016 டிசம்பரில் பனி பெய்துகொண்டிருந்த பஃபலோவில் ஒரே ஆட்டத்தில் 236 யார்டு ஓடியது ஸ்டீலர்ஸ் வரலாற்றின் சாதனை.

2017இல் 321 முறை பந்தோடு ஓடினார், 85 முறை வீசிய பந்தைப் பிடித்தார். மொத்தம் 406 முறை. லீக்கில் வேறு யாரும் அந்த ஆண்டு அத்தனை முறை பந்தைத் தொடவில்லை. அணிக்கு இது பெருமை. பெல்லின் பக்கம் நின்று பார்த்தால், அடுத்த ஒப்பந்தம் கையில் இல்லாமல் வாங்கிக்கொண்ட 406 அடிகள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2015இல் முழங்காலில் பெருங்காயம் பட்டு பாதிப் பருவம் போனது. போதைப்பொருள் விதிமீறலுக்காக இருமுறை தடையும் வாங்கியிருக்கிறார். அணி நிர்வாகம் கையைச் சுருக்கியதற்கு இவையும் காரணம்.

ஃபிரான்சைஸ் டேக் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போகாமல் கட்டிவைக்கும் கயிறு. 1993இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு அணியும் ஆண்டுக்கு ஒரு வீரர் மேல் இந்த முத்திரையைக் குத்தலாம். குத்தினால் அவருக்கு ஓராண்டுச் சம்பளம் உறுதி. லீக் முழுவதும் அவருடைய இடத்தில் ஆடுபவர்களில் அதிகம் வாங்கும் ஐவரின் சராசரியை ஒட்டிய தொகை, அல்லது முந்தைய சம்பளத்தின் 120 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் ஓர் ஆண்டுதான். அந்த ஆண்டில் கால் முறிந்தால் அடுத்த ஆண்டு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். புதிதாக வரும் வீரருக்கு முதல் ஒப்பந்தமே நான்காண்டு, அதில் பேரம் பேச அதிகம் இடமில்லை. அதன் பிறகு ஒரு டேக், இன்னொரு டேக் என்று போட்டால் ஆறாண்டு ஓடிவிடும். ரன்னிங் பேக்கிடம் அதற்கப்புறம் விற்க என்ன மிச்சமிருக்கும்? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். இவருக்குக் காற்றடிக்கும் மாதங்களில் முறம் முதலாளியின் கையில்.

2018இல் நடந்தது என்ன?

2017இலேயே ஸ்டீலர்ஸ் பெல்லுக்கு டேக் போட்டது. தொகை 1 கோடியே 21 லட்சத்து 20 ஆயிரம் டாலர். பயிற்சி முகாம் முழுவதையும் புறக்கணித்துவிட்டு, பருவம் தொடங்கும் வாரத்தில் வந்து கையெழுத்திட்டு ஆடினார். 2018இல் மறுபடியும் டேக். இம்முறை 120 சதவீதக் கணக்கில் 1 கோடியே 45 லட்சத்து 44 ஆயிரம் டாலர். நீண்டகால ஒப்பந்தம் பேசி முடிக்க ஜூலை 16 கடைசி நாள். முடியவில்லை. போன ஆண்டு போலவே செப்டம்பரில் வந்துவிடுவார் என்று அணி நம்பியது, நகரமும் நம்பியது. அவர் வரவில்லை. வாரத்துக்கு 8,55,529 டாலர் வீதம் சம்பளம் கரைந்துகொண்டிருந்தது.

ஐந்தாண்டுக்கு 7 கோடி டாலர் தர முன்வந்தார்களாமே? அதை ஏன் மறுத்தார்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் “பேராசை” என்ற பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

என்.எஃப்.எல் ஒப்பந்தத்தில் தலைப்புச் செய்தியில் வரும் தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டு இரண்டாம் ஆண்டு முடிவில் “போய் வாருங்கள்” என்று அணி சொல்லலாம். மிச்ச ஆண்டுகளின் சம்பளம் காற்றோடு போகும். ஆகவே வீரரும் அவரது முகவரும் முதலில் பார்ப்பது உத்தரவாதத் தொகையை. அன்று பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி அந்த 7 கோடியில் உறுதியானது ஏறக்குறைய ஒரு கோடி. முதல் இரண்டாண்டில் 3.3 கோடி வரும் என்றார்கள். வரும், அணி அவரை வைத்திருந்தால்.

ஸ்டீலர்ஸுக்கு இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முதல் ஆண்டு போனஸைத் தாண்டி எதற்கும் எழுத்தில் உத்தரவாதம் தருவதில்லை. 1933 முதல் ரூனி குடும்பத்தின் கையிலிருக்கும் அணி அது. “எங்கள் வார்த்தையே போதும்” என்ற தோரணை உண்டு. அவர்கள் பொதுவாக வார்த்தை தவறாதவர்கள் என்பதும் உண்மைதான். ஆனால் காயம் பட்ட முழங்காலை வைத்துக்கொண்டு, எழுதித் தராத வார்த்தையின் மேல் வாழ்க்கையைப் பந்தயம் கட்டச் சொல்வது பெரிய கோரிக்கை.

பெல்லின் வாதத்துக்குச் சரியான சாட்சி எட்டே நாளில் கிடைத்தது. அதே ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி தன் ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு நான்காண்டு நீட்டிப்பு தந்தது. மொத்தம் 6 கோடிக்குச் சற்றுக் குறைவு, பெல்லுக்குச் சொன்னதை விடச் சிறிய எண். உத்தரவாதமோ 4.5 கோடி. இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெல்லின் கோபம் புரியும். 2020 மார்ச்சில் ராம்ஸ் கர்லியைக் கழற்றிவிட்டது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்த காசு அவருடையது.

வராத வீரருக்கு அபராதம் போட்டிருக்கலாமே?

முடியாது. டேக் போட்டாலும் வீரர் கையெழுத்திடும் வரை அவர் அணியின் ஊழியரே அல்ல. ஊழியரல்லாதவருக்கு அபராதம் ஏது? ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே முகாமுக்கு வராதவர்கள் நிலைமை வேறு. 2020இல் வந்த தொழிற்சங்க உடன்பாட்டின்படி, முதல் ஒப்பந்தத்தைக் கடந்த மூத்த வீரருக்கு நாளொன்றுக்கு 50,000 டாலர். அணியே மனமிரங்கினாலும் தள்ளுபடி செய்ய முடியாது.

அணியின் கையில் என்னென்ன வழிகள் இருந்தன?

ரசிகர்கள் நினைத்ததை விடக் குறைவு. எளிதாகத் தோன்றியது வர்த்தகம்: வேறு அணிக்குத் தள்ளிவிட்டு டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொள்வது. ஆனால் கையெழுத்திடாத வீரரை விற்க முடியாது. அவர் வேண்டுமென்றே கையெழுத்திடாமல் இருந்தார். அப்படியே இட்டாலும், ஜூலை 16 தாண்டிவிட்டதால் வாங்கும் அணி பருவம் முடியும் வரை அவருடன் நீண்ட ஒப்பந்தம் போட முடியாது. சில மாத வாடகைக்கு யார் பெரிய விலை கொடுப்பார்கள்? அக்டோபர் 30 வர்த்தகக் கெடு ஒன்றும் நடக்காமல் போனது.

இரண்டாவது, டேக்கையே திரும்பப் பெறுவது. அந்தக் கணமே 1.45 கோடி டாலர் சம்பள வரம்பில் (ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துத் தரக்கூடிய மொத்தத் தொகை) விடுபடும். அவ்வருட உச்சவரம்பு அணிக்கு 17.72 கோடி என்பதால் அது சிறிய தொகை அல்ல. ஆனால் பெல்லும் அந்தக் கணமே சுதந்திரப் பறவை. மறுநாளே பகை அணி ஒன்றின் சட்டையில் வந்து நின்றிருப்பார். ஸ்டீலர்ஸ் இதைச் செய்யவில்லை, செய்யாததில் வியப்புமில்லை.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஜூலை கெடுவுக்குப் பிறகும் ஓராண்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பேசித் திருத்தலாம். கொஞ்சம் ஊக்கத்தொகை சேர்க்கலாம், “அடுத்த ஆண்டு டேக் போட மாட்டோம்” என்று எழுதிக் கொடுக்கலாம். 2023இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், தன் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியை ஏறத்தாழ இப்படித்தான் சமாதானப்படுத்தியது. ஸ்டீலர்ஸ் இந்தக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். பருவம் தொடங்கிய பின் பேரம் பேசுவதில்லை என்பது அவர்களது இன்னொரு வழக்கம்.

மிஞ்சியது காத்திருப்பது. அதைத்தான் செய்தார்கள். காத்திருக்கச் செலவில்லை, செலவாகாத பணத்தை மறு ஆண்டு வரம்புக்கு எடுத்துச் செல்லலாம்.

சக வீரர்கள் அவர் பக்கம் நின்றார்களா?

அதுதான் இந்தக் கதையில் கசப்பான பகுதி. முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, அவருக்காக வழி திறந்துவிடும் தடுப்பு வரிசைக்காரர்களே பத்திரிகையாளர் முன் கொட்டித் தீர்த்தார்கள். ரமோன் ஃபாஸ்டர், அவர் என்னைப் போல ஏழு மடங்கு வாங்குகிறவர் என்று கணக்குச் சொன்னார். ஒரே தொழிற்சங்கத்து ஆட்கள். சங்கத்தின் ஒற்றுமையை விட உடைமாற்றும் அறையின் பொருமல் பலமாக இருந்தது.

நவம்பர் 14ஆம் தேதிக் காட்சியை யாரும் மறக்க மாட்டார்கள். இனி அவர் இந்தப் பருவத்தில் வர முடியாது என்று உறுதியான மறுநாள், பெல்லின் லாக்கரைச் சக வீரர்கள் காலி செய்தார்கள். மேலே இருந்த பெயர்ப் பலகை கழற்றப்பட்டது. ஒருவர் ஷூவை அளவு பார்த்து எடுத்துக்கொண்டார், இன்னொருவர் அட்டைப் பெட்டிகளைக் கிளறினார். பட் டுப்ரீ கையில் ஒரு ஜோடி ஷூவோடு சிரித்துக்கொண்டு நின்றார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேடிக்கைக்காகச் செய்ததுதான். இருந்தாலும் வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரரின் சாமானை அக்கம்பக்கத்தார் பங்கிட்டது போல இருந்தது.

அவர் இடத்தில் ஆடியவர்?

ஜேம்ஸ் கானர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பையன். கல்லூரியில் இருக்கும்போதே ஹாட்ஜ்கின் லிம்போமா புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்துத் திரும்பி வந்து ஆடியவர். நகரம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்கு வேறு காரணம் வேண்டுமா? அவரது ஓராண்டு அடிப்படைச் சம்பளம் பெல்லின் ஒரு வாரக் கணக்கை விடக் குறைவு.

கிளீவ்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மழையில் 135 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். “பெல் யார்?” என்று கேலி தொடங்கியது. அதே ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், 21-7 என முன்னிலையில் இருக்கும்போது கானர் பந்தைக் கைநழுவ விட்டார். ஆட்டம் 21-21 என்று சமனில் முடிந்தது. கேலி செய்தவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. 13 ஆட்டங்களில் 973 யார்டு, ஓடியே 12 டச்டவுன் என்று கானர் பிரமாதமாகவே ஆடினார். டிசம்பரில் கணுக்கால் போயிற்று.

ஃபேன்டசி லீக்கில் பெல்லை எடுத்தவர்கள் கதி?

அதோகதி. நிஜ வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் பொழுதுபோக்குதான் ஃபேன்டசி லீக். அவ்வருடம் முதல் இரண்டு மூன்று தேர்வுகளில் ஒருவராகப் போனவர் அவர். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் அமெரிக்கக் கால்பந்தின் விதிகளையே அலுவலக ஃபேன்டசி லீக்கில்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெல்.

நவம்பர் 13க்கு என்ன விசேஷம்?

அன்று மாலை 4 மணிக்குள் கையெழுத்திடாவிட்டால் அந்தப் பருவத்தில் ஆட முடியாது என்பது விதி. அன்றைக்கு அணி 6 வெற்றி, 2 தோல்வி, ஒரு சமன் என்று நல்ல நிலையில் இருந்தது. மணி நான்கு அடித்தது. அவர் வரவில்லை. அதன் பிறகு ஸ்டீலர்ஸ் 9-6-1 என்று முடித்து, பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாமலே வீடு திரும்பியது.

மூன்றாவது முறையும் டேக் போட்டிருக்க முடியாதா?

விதியில் இடமுண்டு, பையில் இடமில்லை. மூன்றாவது டேக் என்றால் முந்தைய தொகையின் 144 சதவீதம், அல்லது குவார்ட்டர்பேக்குகளுக்கு இணையான தொகை. பெல் கணக்கில் 2 கோடி டாலரைத் தாண்டும். ஆடாத ஆண்டை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற வழக்கறிஞர் விவாதம் வேறு நடந்தது. ஸ்டீலர்ஸ் தலைவலி வேண்டாம் என்று விட்டுவிட்டது. பெல்லின் முகவர் தரப்பு போட்ட கணக்கும் அதுதான்.

கடைசியில் யாருக்கு லாபம்?

2019 மார்ச்சில் நியூயார்க் ஜெட்ஸ் அணி நான்காண்டுக்கு 5.25 கோடி தந்தது. உத்தரவாதம் 3.5 கோடி என்று செய்தி வந்தது. அதாவது மொத்தத் தொகை ஸ்டீலர்ஸ் சொன்னதை விடக் குறைவு, உறுதியான தொகை பல மடங்கு. அவர் கேட்டது கிடைத்தது.

களத்தில் கிடைக்கவில்லை. 2019இல் 245 முறை ஓடி 789 யார்டுதான், ஓட்டத்துக்கு 3.2. ஜெட்ஸின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று காத்திருந்தால் இடைவெளி திறக்கவில்லை, எதிராளிதான் வந்து சேர்ந்தார். ஓராண்டு ஓய்வும் உடலை மந்தமாக்கியதா என்று கேட்டவர்கள் உண்டு. 2020 அக்டோபரில் ஜெட்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. அதுவரை ஆடிய 17 ஆட்டங்களுக்கு அவர் வாங்கியது ஏறக்குறைய 2.8 கோடி. பிறகு கேன்சஸ் சிட்டி, பால்டிமோர், டாம்பா என்று சில மாதங்கள். 2022இல் குத்துச்சண்டை மேடையில் ஏறினார்.

கூட்டிக் கழித்தால், 2018இல் விட்ட 1.45 கோடி திரும்பவில்லை. அதனால் அவர் தோற்றார் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இன்னொரு 406 அடிகளை வாங்கியிருந்தால் 2019 மார்ச்சில் எந்த முழங்காலோடு சந்தைக்கு வந்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? அவர் தவறியது கணக்கில் அல்ல, அணியைத் தேர்ந்ததில். நல்ல தடுப்பு வரிசை இல்லாத இடத்துக்கு அவரைப் போன்ற ஓட்டக்காரர் போயிருக்கக் கூடாது.

இப்படி அடம்பிடித்து ஜெயித்தவர் யாரும் இல்லையா?

எம்மிட் ஸ்மித், 1993. டாலஸ் கவ்பாய்ஸ் நடப்புச் சாம்பியன். ஸ்மித் வரவில்லை. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. பிடிவாதத்துக்குப் பேர்போன உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் இறங்கி வந்தார், நான்காண்டுக்கு 1.36 கோடி. ஸ்மித் திரும்பி வந்து அந்த ஆண்டே அதிக யார்டு ஓடியவர் ஆனார், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வாங்கிக் கொடுத்தார். அவரிடம் இருந்த ஆயுதம் பெல்லிடம் இல்லை: அணி உடனே தோற்றது. கானர் முதல் நாளே 135 யார்டு ஓடியதும் பெல்லின் பேரம் பாதியாகிவிட்டது.

முழு ஆண்டைத் தியாகம் செய்தவர்களில் ஜான் ரிகின்ஸ் உண்டு. 1980 முழுவதும் வாஷிங்டன் அணிக்கு ஆடாமல் இருந்துவிட்டு, அலுத்துவிட்டது, கையில் காசில்லை, வந்துவிட்டேன் என்ற பொருளில் அறிவித்துத் திரும்பினார். பிறகு சூப்பர் பவுல் நாயகன். ஆனால் அது வேறு காலம்.

பெல்லுக்குப் பிறகு ரன்னிங் பேக்குகள் நிலை மாறியதா?

முதலில் மோசமானது. 2019இல் எசக்கியேல் எலியட், டாலஸிடமிருந்து ஆறாண்டுக்கு 9 கோடி கறந்தார். 2023இல் அவரைக் கழற்றிவிட்டார்கள். அதே 2019இல் சார்ஜர்ஸ் அணியின் மெல்வின் கார்டன் முரண்டு பிடித்து, ஒன்றும் பெறாமல் நான்காவது வாரம் திரும்பி வந்தார். “பார்த்தீர்களா, ஓட்டக்காரருக்குக் காசு கொடுக்காதே” என்று நிர்வாகங்கள் எல்லாம் ஒரே குரலில் பேச ஆரம்பித்தன. 2023 ஜூலையில் ரன்னிங் பேக்குகள் ஜூமில் கூடித் தங்கள் கஷ்டத்தைப் பேச வேண்டிய நிலை. அந்த ஆண்டு அவர்களுக்கான டேக் தொகை 1 கோடியே 91 ஆயிரம் டாலர். ஐந்தாண்டுக்கு முன் பெல் வேண்டாம் என்று எறிந்ததை விடக் குறைவு!

பிறகு காற்று திரும்பியது. ஜயன்ட்ஸ் விட்டுவிட்ட பார்க்லி, 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 யார்டு ஓடினார், தன் 28ஆவது பிறந்தநாளன்று சூப்பர் பவுல் வென்றார். அடுத்த மாதமே ஆண்டுக்கு 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் ஆனார். அந்த ஃபிலடெல்ஃபியாவிடம் இருந்தது லீக்கின் மிகச் சிறந்த தடுப்பு வரிசைகளில் ஒன்று.

இப்போது பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லையே, ஏன்?

அபராதம் கடுமையானதால் உத்தி மாறிவிட்டது. முகாமுக்கு வருவார்கள், கூட்டத்தில் உட்காருவார்கள், பயிற்சியில் மட்டும் கால் வைக்க மாட்டார்கள். 2021இல் ஸ்டீலர்ஸின் தற்காப்பு வீரர் டி.ஜே. வாட் இதைச் செய்தார். பருவம் தொடங்கும் வாரத்தில் அணி இறங்கி வந்தது. நான்காண்டுக்கு 11.2 கோடி, அதில் 8 கோடி எழுத்தில் உத்தரவாதம். முதல் ஆண்டுக்கு மேல் உறுதி தருவதில்லை என்ற அந்தப் பழைய வழக்கம், பெல்லுக்காக வளையாதது, வாட்டுக்காக முறிந்தது.

பெல்லை இழந்ததற்கு ஸ்டீலர்ஸுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லையா?

கிடைத்தது. பெரிய ஒப்பந்தத்துக்கு வீரரை இழக்கும் அணிக்கு லீக் ஒரு கூடுதல் டிராஃப்ட் வாய்ப்புத் தரும். பெல் ஜெட்ஸுக்குப் போனதற்காக 2020 டிராஃப்ட்டில் மூன்றாம் சுற்றின் கடைசிப் பகுதியில், 102ஆவது இடம் கிடைத்தது. அதில் சார்லட்டில் படித்த அலெக்ஸ் ஹைஸ்மித் என்ற அதிகம் அறியப்படாத தற்காப்பு வீரரை எடுத்தார்கள். வாட்டுக்கு எதிர்ப்புறத்தில் நின்று ஆடினார். 2023இல் அவருக்கு ஸ்டீலர்ஸ் தந்த நீட்டிப்பு, நான்காண்டுக்கு 6.8 கோடி டாலர்.